தோள் மட்டத்துக்கு மேலே

மேலே எது பறந்தாலும் ரீட்டா மதினிக்கு இடது கண் மூடிக்கொள்ளும். காக்கை, கொக்கு, கல்யாண வீட்டு டிரோன், மதுரையில் இறங்கப் போகும் விமானம், எதுவானாலும் சரி. பேச்சு பாதியில் நிற்கும். முகவாய் கொஞ்சம் முன்னால் வரும். திறந்திருக்கும் வலது கண், பறப்பதன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்று, அதனோடு கூடவே நகரும். பிறகு வலது கை ஆள்காட்டி விரல் முந்தானை மறைவில் மெல்ல மடங்கும். அவ்வளவுதான். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். "அப்பறம் அந்த மருந்துக்கடக்காரன் என்னா சொன்னான்னா..."

என் பெரியப்பா மகன் ரூபனின் மனைவி இவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் சாலையில் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ரூபன் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் தோட்டம் முழுக்க மதினியின் பொறுப்பு. சேலைக்கு மேல் அண்ணனின் பழைய கட்டம் போட்ட சட்டை, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் சாவிக்கொத்து. பந்தலின் கம்பி முனைகள் வேலையாட்களின் நெற்றியைக் கிழித்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு முனையிலும் சிவப்பிலும் பச்சையிலும் ஒரு குப்பி செருகியிருப்பார். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ பூச்சி மருந்துப் பொறி என்று நினைப்பார்கள். எல்லாம் மதினி சுட்டுத் தள்ளிய தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள்.

அவருடைய அப்பா காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியில் தொடங்கியது இந்தச் சுடும் பழக்கம். இப்போது இருப்பது இரட்டைக்குழல். மார்க்கையன்கோட்டை தாண்டி, கரடு என்று சொல்லும் ஒரு சிறு குன்றின் அடியில் துப்பாக்கி கிளப் இருக்கிறது. அங்கே ஒரு குழிக்குள் இருக்கும் இயந்திரம், காபி சாசர் அளவில் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். சுடுகிறவர் 'புல்', அதாவது ஆங்கிலத்தில் 'இழு', என்று குரல் கொடுத்ததும் தட்டு கிளம்பும். எந்தப் பக்கம் கிளம்பும் என்று தெரியாது. தரையில் விழுவதற்குள் உடைக்க வேண்டும். மதினி 'புல்' என்று சொல்வதில்லை. அடுத்த தோட்டத்து ஆளைக் கூப்பிடுவதைப் போல 'புல்லேய்' என்று நீட்டுவார். முதல் நாள் கிளப்பில் இருந்த ஆண்கள் சிரித்திருக்கிறார்கள். "திராட்சக்காரம்மா கொல பறிக்க வந்துருக்காக" என்று ஒருவர் சொன்னாராம். அன்றைக்கு மதினி உடைத்த தட்டுகளுக்குப் பிறகு அவர் வேறு ஊர் கிளப்பில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. இதைச் சொன்னதும் மதினிதான் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

மதினி யாரையும் நம்பமாட்டார். பிறர் அவர்மேல் சொல்லும் குறை அல்ல இது, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வது. "நம்புறதுக்கு ஆண்டவர் இருக்காரு. மத்தவகள நாமதேன் கண்ணு வச்சுக்கிறணும்." தவறிய அழைப்பு வந்தால், வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எவனோ பார்க்கிறான் என்பார். வியாபாரி திராட்சையைப் புகழ்ந்தால், மறுநாள் காலையில் போய்க் கொடியைத் தடவிப் பார்ப்பார். துப்பாக்கி இருக்கும் பீரோவின் கதவிடுக்கில் ஒரு திராட்சைக் காம்பைச் செருகி வைப்பார். காம்பு கீழே கிடந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். இந்தச் சோதனையில் ரூபன் அண்ணனுக்கும் விலக்கு கிடையாது. நான் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கிய அன்று, பையைக் கீழே வைப்பதற்குள் மதினி கேட்ட கேள்வி: "சும்மா வந்தீகளா கொழுந்தனாரே, வேல போயிருச்சா?"

எனக்கும் சந்தேகக் குணம் உண்டு. ஆனால் மதினியின் சந்தேகம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும். என்னுடையது தூங்காது. நான் இருக்கும் ஊரில் துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்தால் பள்ளிக்கூடக் கதவுகளைப் பூட்டுவார்கள். இங்கே மதினி அதைத் துணிப்பையில் சுற்றி, வெண்டைக்காய் வாங்கப் போவதைப் போல எடுத்துப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அதனால்தான் இந்த முறை அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

முதல் சந்தேகம் கோயிலில் வந்தது. ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாக வந்து பெண்கள் பக்கம் முன்பெஞ்சில் உட்காருகிறவர் மதினி. இந்த முறை, பாதிப் பூசையில் வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். பூசை முடிந்து எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இடது தோள், வலது தோள். தூணுக்குப் பின்னால் மதினியின் வலது கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. மேலே ஏறவில்லை. ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு அவருடைய தலை கீழே இறங்கியது. கை நெற்றிக்குப் போகவில்லை. நெற்றி கைக்கு வந்தது.

தலைகுனிந்து செபிக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். நிமிர்ந்ததும் அவர் இரண்டு பக்கமும் திரும்பி, யாராவது பார்த்தார்களா என்று தேடாமல் இருந்திருந்தால்.

வாசலில் செபஸ்தியம்மாள் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். முன்பெஞ்சில் மதினிக்குப் பக்கத்து இடம் இவருடையது. குரலை இறக்கினார். "ஒங்க மதினி ஏன் பின்னால போயி நிக்கிறாக, கேட்டீகளா?"

"தெரியலையே அத்தை."

"கூடலூர்ல கைதட்டிப் பாடுற கூட்டத்துக்குப் போறாகன்னு பேச்சு. அங்கன சிலுவ போட மாட்டாகள்ல. அதேன் இங்கன வந்து ஒளிஞ்சுக்கிட்டுப் போடாம இருக்காக."

மதினியைப் பற்றி அவருக்கே வராத சந்தேகம் ஒன்று ஊரில் இருப்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவது சந்தேகம் தோட்டத்தில் வந்தது. திராட்சைப் பந்தல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கொடி வெட்டும் கவாத்து, கட்டுதல், காய் கழித்தல், பறித்தல் எல்லாமே கையைத் தூக்கிச் செய்யும் வேலைகள். பந்தலுக்குள் நுழைந்தால், யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதைப் போல எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மதினி மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பவுனு என்கிற அம்மாள்தான் அங்கே கவாத்துக்குப் பெயர் போனவர். அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"முந்தியெல்லாம் எங்க கையில இருக்குற கத்திரியப் புடுங்கி அவுகளே வெட்டுவாக. 'இப்பிடி வெட்டு, இப்பிடி வெட்டு'ன்னு உசுர வாங்குவாக. இப்ப தரையில விழுந்த எலயப் பாத்துட்டு, வெட்டுனது சரியில்லங்கிறாக. மேல அண்ணாந்து பாத்தாத்தான தெரியும் சரியா தப்பான்னு."

"என்னன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஒன்னய வேவு பாக்கச் சொல்லி யாரு அனுப்புனது'ங்கிறாக." பவுனு கத்திரியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கொடியைக் கம்பியில் கட்டினார். பிறகு கத்திரியை எடுத்துவிட்டு, "மருந்தடிக்கிற மெசின அவுக தொட்டு ரெம்ப நாளாச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள், பறிப்புக்கு நின்ற வேறொரு பந்தலின் கீழே மதினி தனியாக இருந்தபோது, நன்றாகப் பழுத்த ஒரு குலையைக் காட்டினேன். "மதினி, அதைப் பறிச்சுக் குடுங்களேன்."

மதினி குலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரு சொல்லி விட்டா?"

"யாரும் இல்ல. கோயில்ல பாத்தேன். தலை கீழ வந்துச்சு, கை மேல போகல."

"அம்புட்டுப் பேரு கண்ண மூடிக்கிட்டு இருக்கயில நீங்க மட்டும் தெறந்து வச்சுக்கிட்டு இருந்தீகளாக்கும்." கோபம்தான். ஆனால் பாதியில் தளர்ந்தது. வரப்பில் உட்கார்ந்தார். மருந்தடிக்கும் இயந்திரத்தைக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். கிளம்ப மறுக்கும் நாளில் அது கயிற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். "நான் கயித்த இழுத்தேன். அது என்னய இழுத்துருச்சு" என்றார். தேனியில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். வலது தோளில் சவ்வு பாதி கிழிந்திருக்கிறது. துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஒவ்வொரு வெடியும் தோளில் உதைக்கும், மிச்சமும் கிழிந்தால் கை தோளுக்கு மேல் வரவே வராது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்ப ஏன் மதினி இன்னும் போறீங்க?"

"துப்பாக்கி நிக்கிறது தோள் மட்டத்துலதான? தோள் மட்டத்துக்கு மேல நமக்கு என்னா சோலி?"

சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி உள்ளே காட்டினார். திராட்சைப் பெட்டியில் அடியில் போடும் பஞ்சுத் தாளை மடித்து, தோளில் வைத்துத் தைத்திருந்தார். தீபாவளி கழிந்து மாநிலப் போட்டி வருகிறது. அங்கே தேறினால் தேசியப் போட்டி. போன வருடம் ஒரே ஒரு தட்டில் தவறிவிட்டது. "அந்த ஒத்தத் தட்டு இன்னும் ஒடையாம என் கண்ணுக்குள்ள பறந்துக்கிட்டுத் திரியுது. கீழ விழ மாட்டேங்குது. இந்த வருசம் விட்டா அடுத்த வருசம் கண்ணு இப்பிடி இருக்குமா, கால் நிக்குமா, யாரு கண்டா?"

"கை போயிட்டா தோட்டம்?"

மதினி தரையில் கிடந்த ஒரு கொடிச் சுருளை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கையால். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "ஒங்க அண்ணனுக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்குத் தெரியும். வெளிய போச்சுன்னா ரெண்டு பேருல ஒருத்தர்தேன்" என்றார்.

மதினியால் இப்போது ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. அடுத்த பயிற்சி நாளில் நான்தான் காரில் அழைத்துப் போனேன். காவலுக்குப் போனேனா, கூட்டாளியாகப் போனேனா என்று எனக்கே தெளிவில்லை.

கிளப்பின் செயலாளர் முத்துராமலிங்கம். போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் எல்லோருக்கும் எஸ்.ஐ. அய்யாதான். சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, தட்டுகளைப் பார்க்காமல் சுடுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "குத்தம் பண்ணுனவன் மூஞ்சிய மாத்திக்கிருவான். காலை மாத்தத் தெரியாது" என்பது அவருடைய கொள்கை. கொட்டகைச் சுவரில் மூன்று கால்களோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தொங்குகிறது. கை மரத்துப்போனதை மறைத்துக்கொண்டு சுட வந்த ஒருவரிடமிருந்து துப்பாக்கி நழுவி வெடித்ததில், அந்த நாலாவது கால் போனது. அப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எஸ்.ஐ. அய்யா. அன்றிலிருந்து உடம்பில் காயம் உள்ள யாரையும் அவர் கோட்டில் நிறுத்துவதில்லை.

மதினி கோட்டில் ஏறினார். முன்பெல்லாம் ஏறியதும் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் துப்பாக்கியை எடுப்பாராம். அன்று போடவில்லை. சங்கிலியில் தொங்கிய சிலுவையை இடது கையால் தூக்கி முத்தமிட்டார். வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டார். துப்பாக்கி தோளில் பொருந்தியது. "புல்லேய்." தட்டு இடப்பக்கம் சீறிக் கிளம்பியது. வெடித்தது. ஆரஞ்சு நிறத் தூள் காற்றில் நின்று கலைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் உடைந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தது தட்டுகளை அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு மதினி கரட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார், தோட்டாவை மாற்றுகிற சாக்கில். முகம் யாருக்கும் தெரியாது. தாடை மட்டும் அசையும். கிராம்பு எதற்கு என்று அப்போது புரிந்தது.

"அமெரிக்காத் தம்பி." எஸ்.ஐ. அய்யா பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். "ஒங்க மதினி சிலுவ போடுறத நிப்பாட்டிட்டாகளே, என்னா விசயம்?"

"தெரியலைங்க அய்யா."

"தெரியலயா, சொல்லப் புடிக்கலயா? ரெண்டுக்கும் மூஞ்சி வேற வேறயா இருக்கும்."

முகத்தைக் காட்டாமல் இருக்க என் காலைக் குனிந்து பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மதினி விசாரணையைத் தொடங்கினார். என்ன கேட்டாக, நீங்க என்ன சொன்னீக, சொல்றதுக்கு முன்னால எம்புட்டு நேரம் யோசிச்சீக. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அவுக தங்கச்சி மக பாண்டீஸ்வரி எனக்கு அடுத்த எடத்துல நிக்கிறா. நான் வெலகுனா அவதேன் போட்டிக்குப் போவா. அய்யாவுக்கு அக்கற நாற்காலிக் கால் மேலயா, தங்கச்சி மக மேலயான்னு அந்த வீரபாண்டி ஆத்தாளுக்குத்தேன் வெளிச்சம்."

பாண்டீஸ்வரி நன்றாகச் சுடுகிறவள்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இதனால் எந்தச் சந்தேகமும் தீரவில்லை.

ஆயுத பூசை வந்தது. கிளப்பில் துப்பாக்கிகளை எல்லாம் பெஞ்சில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். தட்டு வீசும் இயந்திரத்துக்கு ஒரு மாலை. வருடத்தில் அதிகம் தட்டு உடைத்தவர்தான் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சில வருடங்களாக அது மதினிதான். கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பூசணியைத் தலைக்கு மேல் தூக்கி, கேட் வாசலில் போட்டு உடைப்பார். தெறிக்கிற குங்குமம் கண்டு மற்றவர்கள் ஒதுங்குவார்கள்.

எஸ்.ஐ. அய்யா பெரிய பூசணியாகப் பார்த்து வாங்கியிருந்தார். அவரே இரண்டு கையாலும் தூக்கி வந்து மதினியின் முன்னால் நீட்டினார். "ஏத்தா ரீட்டா, புடி."

மதினி பூசணியைப் பார்த்தார். அது என்ன சோதனை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற பாண்டீஸ்வரி செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் முடியாதுங்கய்யா. இதெல்லாம் ஒடைக்கக் கூடாதுன்னு எங்க சாமியாரு கண்டிசனா சொல்லிட்டாக."

"போன வருசம் சொல்லலயா?"

"இப்ப வந்தவரு. புதுசு."

எஸ்.ஐ. அய்யா பூசணியை வேறொருவரிடம் கொடுத்தார். அது உடைந்தபோது மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கோயிலில் சிலுவையை ஒளித்தவர், கிளப்பில் அதையே கேடயமாகப் பிடித்துவிட்டார். ஒரு வாரத்துக்காவது தாங்கும் என்று நான் நினைத்தேன். எஸ்.ஐ. அய்யாவின் மரியாதையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து மாலையில், பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் ரூபன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"ரீட்டா, நான் எப்ப பூசணிக்கா பத்திப் பேசுனேன்?"

மதினி அடுப்படி வாசலில் நின்றுவிட்டார்.

"அந்த எஸ்.ஐ. மலவாழப்பழம் ரெண்டு சீப்போட வந்தாரு. இத்தன வருசமா தெரியாம ஒங்க சனத்தப் பூசணிக்கா ஒடைக்க வச்சுட்டோம், மன்னிச்சுக்கங்க சாமின்னு கையெடுத்துக் கும்புடுறாரு. நான் அப்பிடி ஒண்ணும் சொல்லலயேன்னேன். 'ஓகோ'ன்னுட்டுப் போயிட்டாரு."

"பழத்தச் சாப்புட்டீகளா சாமி?"

"சாப்புட்டேன்."

"சாப்புட்டா உண்மயச் சொல்லித்தேன ஆகணும். போலீசு டேசன்லயும் டீ வாங்கிக் குடுத்துத்தேன் கேப்பாக."

ரூபன் அண்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "போதும் ரீட்டா." அவ்வளவுதான் சொன்னார். எந்தப் பொய்யைப் போதும் என்றார், எந்த வலியை என்று மதினி கேட்கவில்லை. சாமியாருக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். டம்ளரை இடது கையால் நீட்டினார். சாமியார் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மாநிலப் போட்டிக்கு யார் போவது என்று முடிவாகும் பயிற்சி நாளில், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மதினி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கரட்டின் மேல் மேகம் இறங்கியிருந்தது. முந்தின நாள் மழையில் நனைந்த தரையில், உடைந்த தட்டுத் துண்டுகள் செங்காய்த் தக்காளி சிதறியதைப் போலக் கிடந்தன. பாண்டீஸ்வரி முதலில் சுட்டாள். அடுத்து மதினி கோட்டில் ஏறினார். தோட்டாக்களைப் போட்டுத் துப்பாக்கியை மூடினார்.

எஸ்.ஐ. அய்யா நாற்காலியை விட்டு எழுந்தார். இயந்திரத்தின் பொத்தான் வழக்கமாக ஓர் ஆளிடம் இருக்கும். அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏத்தா, ஒன்ட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். எப்பவும் ஏறுன ஒடனே ஒரு சிலுவ போடுவல்ல, அதப் போட்டுட்டு நில்லு. நீ எப்பச் சொல்றியோ அப்ப பொத்தான அமுக்குறேன்."

துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார் மதினி. வலது கை வயிற்றிலிருந்து கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது. நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் நாலு விரல்கடை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

தலையைக் குனிந்திருக்கலாம். கோயிலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இங்கேயும் செய்தால் எஸ்.ஐ. அய்யா கண்டுபிடித்திருப்பாரா, கண்டுபிடித்தும் வாயால் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. குனியட்டும் என்றுதான் அந்த நிமிடம் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் பயந்த நான்.

மதினி குனியவில்லை. கையைக் கீழே விட்டார். துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் இடது கையால் உருவி, எஸ்.ஐ. அய்யாவின் முன்னால் பெஞ்சில் வைத்தார்.

"கோயில்ல ஏமாத்துனா ஆண்டவர் மன்னிச்சுக்கிருவாரு. இங்கன கையில இருக்கிறது துப்பாக்கி. இத வச்சுக்கிட்டுச் சிலுவையில பொய் சொல்ல முடியாதுய்யா."

எஸ்.ஐ. அய்யா பொத்தானைக் கீழே வைத்தார். "எப்பத்தா அடிபட்டுச்சு?"

"கவாத்துக்கு முன்ன."

"அதோடயா அம்புட்டுத் தட்டும் ஒடச்ச?" அவர் சுவரில் தொங்கிய நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மதினியின் கால்களைப் பார்த்தார். "அடுத்த வருசம் வா. கை சரியாயிரட்டும்."

"அடுத்த வருசம் அய்யா செயலாளரா இருப்பீகளா, இல்ல ஒங்க தங்கச்சி மக இருப்பாளா?"

எஸ்.ஐ. அய்யா சிரித்தார். அது குற்றம் இல்லாதவரின் சிரிப்பா, பிடிபட்டவரின் சிரிப்பா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பாண்டீஸ்வரி வந்து மதினியின் பையைத் தூக்கிக் காரில் வைத்தாள். மதினி பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

கார் உத்தமபாளையம் தாண்டும்போது, மதினி வாயிலிருந்த கிராம்பைச் சன்னலுக்கு வெளியே துப்பினார்.

அடுத்த ஞாயிறு, நான் கிளம்புவதற்கு முன்னால் வந்த கடைசிப் பூசை. மதினி முதல் ஆளாக வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிலுவை போடும் நேரத்தில், ஒளிவுமறைவு இல்லாமல், கையை நெஞ்சில் நிறுத்தி நெற்றியை இறக்கிக் கொண்டுவந்தார். அடிபட்ட தோள் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. கூடலூர்க் கதையைச் சொன்ன செபஸ்தியம்மாள் அத்தை மதினி பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிவிட்டார். டாக்டர் சொன்னபடி வலது தோளுக்கு ஒரு பட்டை கட்டியிருந்தார் மதினி. பீரோச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மதினி விஷயத்தில் நிம்மதி வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். மேல் சன்னல் வழியாக ஒரு புறா உள்ளே வந்து, உத்தரத்துக்கு உத்தரம் தாவிப் பறந்தது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். மதினியும் முகவாயைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். ஒரு கண் மூடியது. நான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். மூடியிருந்தது வலது கண். திறந்திருந்த இடது கண், புறாவின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்று, அதனோடு கூடவே நகர்ந்தது. பெஞ்சின் விளிம்பில் வைத்திருந்த இடது கையின் ஆள்காட்டி விரல், இன்னும் பழக்கப்படாத தயக்கத்தோடு, மெல்ல மடங்கியது.